டிஇசி1-12706 பெல்டியர் தகடு: உள்ளே இருக்கும் துண்டைப் பார்த்து வாங்குங்கள்

மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு இது. பெயரிலேயே பாதி விவரம் இருக்கிறது: 127 ஜோடித் துண்டுகள், அதிகபட்சம் 6 ஆம்பியர். 40 மி.மீ. சதுரத்தில் இரண்டு வெள்ளை அலுமினா தகடுகள், நடுவே பிஸ்மத் டெல்லூரைடு என்ற குறைக்கடத்தியில் செய்த 254 துண்டுகள். நிறுத்தாமல் ஓடும் சின்னக் குளிர்பெட்டிக்கு, கொடுத்த காசுக்கு நல்ல பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை ஆன்-ஆஃப் ஆகும் வேலைக்கு மலிவு ரகம் வேண்டவே வேண்டாம்.

காரணம், துண்டு செய்த விதம். உருக்கி உறையவைத்த கட்டியை அறுத்துப் போட்டிருந்தால், ஆன்-ஆஃப் ஆக ஆக டெல்லூரியம் அடுக்குகள் சந்திக்கும் இடத்தில் மைக்கா போலப் பிளக்கும். செத்துப்போன தகட்டைப் பிரித்து லென்ஸில் பாருங்கள். உடைந்த முகம் கண்ணாடியாகப் பளபளத்தால் அது உருக்குக் கட்டி. மங்கலாக, நறநறவென்று இருந்தால் தூளை இறுக்கிச் செய்த சின்டரிங் துண்டு.

பொருள் உருகுவது சுமார் 585 டிகிரியில். ஸ்பார்க் பிளாஸ்மா (மின்சாரம் பாய்ச்சியே சூடாக்கி இறுக்கும்) முறையில் கிராஃபைட் அச்சில் 50 மெகாபாஸ்கல் அழுத்தம், 400 முதல் 450 டிகிரி, ஐந்து நிமிடம் கொடுத்தாலே தூள் இறுகிவிடும், துகளும் பெருக்காது. நுண்ணிய துகள் வெப்பம் பாய்வதைத் தடுக்கும், விரிசலையும் ஓடவிடாது. சூட்டைக் கூட்டினால் டெல்லூரியம் ஆவியாகி மின்குணமே மாறிவிடும். ஜோடியில் ஒன்றான என்-வகைத் துண்டில் (எலக்ட்ரான்கள் மின்சாரத்தைச் சுமப்பது) மட்டும் ஒரு இழப்பு உண்டு: அடுக்குகள் தாறுமாறாகக் கிடப்பதால் மின்கடத்தல் குறையும். அதனால்தான் அதைச் சூட்டோடு மறுபடி நசுக்கி அடுக்குகளைப் படியவைக்கிறார்கள்.

பொருத்தும்போது திருகுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முதலில் முறுக்கினால் மூலை வெடிக்கும். தெர்மல் பேஸ்ட் மெல்லிசாகப் போதும். ஹீட்சிங்க் இல்லாமல் 12 வோல்ட் கொடுக்காதீர்கள். பல தகடுகளில் இருப்பது 138 டிகிரியிலேயே உருகும் பிஸ்மத்-தகர சால்டர். எந்தப் பக்கம் குளிரும் என்று பார்க்க 1.5 வோல்ட் பேட்டரி போதும்.

சாதாரண மல்டிமீட்டரில் ஓம் பார்த்து ஏமாறாதீர்கள். கை சூடு பட்டாலே தகடு தானாக வோல்டேஜ் கொடுத்து அளவைக் கெடுக்கும். மாறுமின்சாரத்தில் அளக்கும் எல்சிஆர் மீட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் புதுத் தகடு சுமார் 2 ஓம் காட்டும். அதைக் குறித்து வையுங்கள். பின்னால் ஏறிக்கொண்டே போனால் உள்ளே விரிசல் விழுகிறது.

மின்சாரம் எடுக்க நினைத்தால்: இரு முகங்களுக்கும் 50 டிகிரி வித்தியாசம் இருந்தால் திறந்த முனையில் 2.5 வோல்ட் வரை வரும். லோடு சரியாகப் பொருந்தினாலும் முக்கால் வாட்தான். ஒரே தகட்டில் போன் சார்ஜ் ஆகும் என்று சொல்பவரிடம் வாங்காதீர்கள்.