கெரோஜன் செறிந்த ஷேலுக்கான மென்பொருள்: எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

வட டகோட்டாவின் பாக்கன் படிவத்தில், நடு அடுக்குக்கு மேலும் கீழும் கிடக்கும் கரிய ஷேல் எனும் களிமண் படிவுப் பாறைகளின் மீட்சிப் பண்புகளைக் கணிப்பதற்காக எங்கள் குழு வாங்கிய பாறை இயற்பியல் மென்பொருளை எட்டு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அதன் கணக்கில் எனக்குக் குறையில்லை. கணக்குக்கு முன் அது தானாக எடுத்துக்கொள்ளும் அனுமானங்களில்தான் குறை.

முதலில் பாராட்ட வேண்டியது, பாறைக்குள் இருக்கும் திடக் கரிமப் பொருளான கெரோஜனைத் துளைகளில் தேங்கிய திரவமாக இது கருதாதது. துளைத் திரவம் பாறையின் பருமக் குணகத்தை எப்படி மாற்றும் எனக் கணிக்கும் காஸ்மன் சமன்பாடு விறைப்பற்ற திரவத்துக்கு மட்டுமே பொருந்தும். கெரோஜனோ பருமக் குணகம் ஏறத்தாழ 2.9, விறைப்புக் குணகம் ஏறத்தாழ 2.7 கிகாபாஸ்கல் கொண்ட மென்மையான திண்மம். மென்பொருள் அதைத் தனி அடுக்காக வைத்து, மெல்லிய அடுக்குகளை ஒரே பொருளாகத் தொகுக்க பேக்கஸ் 1962இல் தந்த முறைப்படி சராசரி காண்கிறது. 20 கிகாபாஸ்கல் விறைப்புள்ள கனிமப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்கு கெரோஜனைச் சேர்த்துக் கையால் கணக்கிட்டேன். அடுக்குத் தளத்திலான விறைப்பான சி66 16.5 என்றும் அடுக்குகளுக்குக் குறுக்கான விறைப்பான சி44 8.8 என்றும் வந்தன. மென்பொருளும் அவற்றையே தந்தது. கிடையாக ஒரு மதிப்பும் செங்குத்தாக அதில் ஏறத்தாழப் பாதியும் இருப்பதே இப்பாறையின் இயல்பை உணர்த்திவிடுகிறது.

ஆனால் உண்மைப் பாறையில் அடுக்குகள் அறுபடாமல் ஓடுவதில்லை. பாக்கன் மாதிரிகளை ஆராய்ந்த வெர்னிக்கும் நூரும் 1992இல் பேக்கஸ் முறையைத் திருத்தியதற்கு, களிமண் பகுதி வில்லை வடிவில் துண்டுபட்டிருப்பதே காரணம். அந்தத் திருத்தம் மென்பொருளில் இருக்கிறது. ஆயினும் மூன்றாம் பட்டியலுக்குள் ஒளிந்திருப்பதால், புதிதாக வருபவர் அதைக் காணாமலே, திசைக்குத் திசை பண்பு மாறும் அளவான திசைவேறுபாட்டை மிகையாகக் கணித்துவிடுவார்.

என்னை உண்மையிலேயே வருத்தியது, கிடைமட்ட அழுத்தத்தைச் செங்குத்துத் திரிபோடு இணைக்கும் மீட்சிக் குணகமான சி13. செங்குத்துக் கிணற்றின் ஒலிப்பதிவு, செங்குத்து அமுக்கத்துக்கான குணகமான சி33, சி44 இரண்டையும் நேரடியாகத் தரும். கிணற்றுச் சுவரை ஒட்டித் திரவத்தில் செல்லும் குழாய் அலையிலிருந்து சி66 கிடைக்கும். சி13க்கோ கிணற்றிலிருந்து எடுத்த பாறை உள்ளகத்தில் 45 பாகைச் சாய்வில் வெட்டிய துண்டு வேண்டும். அது இல்லாதபோது மென்பொருள் திசைவேறுபாட்டைக் குறிக்கும் எண்களில் ஒன்றான தாம்சனின் டெல்டாவைப் பூஜ்யமாகக் கொண்டு, சி33இலிருந்து சி44இன் இருமடங்கைக் கழித்து நிரப்பிவிடுகிறது. இந்த அனுமானத்துக்கு ஆய்வுலகில் இடமுண்டு. அதைத் திரையில் சொல்லாமல் செய்வதுதான் தவறு. பக்கவாட்டுத் திரிபு இல்லையெனக் கொண்டால், கிடைமட்ட அழுத்தம் சி13க்கும் சி33க்கும் உள்ள விகிதத்தில் அமைகிறது. எங்கள் துண்டுகளில் டெல்டா தெளிவாக நேர்மறையாக வந்ததால், தானியங்கி மதிப்பு அழுத்தத்தைக் குறைத்துக் காட்டியது. நீரழுத்தப் பிளவு எவ்வளவு உயரும் என்பதைத் திட்டமிடுபவர்கள் அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுக்கிறார்கள்.

கெரோஜனுக்கு ஒரே நிலையான குணகம் கொடுத்திருப்பதும் போதாது. வெப்ப முதிர்ச்சி கூடக்கூட அதன் அடர்த்தியும் விறைப்பும் மாறும்; கிணறுதோறும் கையால் மாற்ற வேண்டியிருக்கிறது.

ஆய்வகத்தில் சாய்துண்டு அளவீடு வைத்திருக்கும் குழு இதைத் தயங்காமல் வாங்கலாம். ஒலிப்பதிவு மட்டுமே உள்ளவர்கள், உரிமக் கட்டணத்துக்கு முன் அந்த ஒரு துண்டை வெட்டும் செலவை ஒதுக்கிவைப்பது நல்லது.