சக்கர நாற்காலி மோட்டாருக்குப் புது பேட்டரி: என்.எம்.சி.யா, எல்.எஃப்.பி.யா?

இரண்டுமே லித்தியம் பேட்டரிதான்: என்.எம்.சி.யில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்; எல்.எஃப்.பி.யில் இரும்பு பாஸ்பேட். நாற்காலியின் முன்னால் மாட்டும் மோட்டார் இணைப்பைத் தானே தூக்கிக் காரில் வைப்பவர் என்றால் என்.எம்.சி. அதே திறனுக்கு எல்.எஃப்.பி. கனமாகவும் பெரிதாகவும் இருக்கும். தோள்பட்டை உடனே சொல்லிவிடும்.

ஆயுளில் எல்.எஃப்.பி. முந்துகிறது: பொதுவாக 2000 முறைக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம்; என்.எம்.சி. பெரும்பாலும் 500 முதல் 1000 வரைதான். சூட்டையும் எல்.எஃப்.பி. நன்றாகத் தாங்கும். தினமும் ஓட்டுபவருக்கு என் ஓட்டு இதற்கே.

சரி, என்.எம்.சி.யிலிருந்து எல்.எஃப்.பி.க்கு மாறினால் பழைய சார்ஜர்? கூடவே கூடாது. 10 செல் வரிசை என்.எம்.சி. 42 வோல்ட்டில் நிரம்பும். 12 செல் எல்.எஃப்.பி. 43.8-இல். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் அந்த வோல்ட்டேஜைத் தாங்குமா என்றும் பாருங்கள். அப்புறம், எல்.எஃப்.பி.யின் வோல்ட்டேஜ் கடைசிவரை பெரிதாக இறங்காது, அதனால் பழைய மீட்டர் காட்டும் சார்ஜ் அளவை நம்ப முடியாது.

என்.எம்.சி.யை முழு சார்ஜில் வாரக்கணக்கில் சும்மா வைக்காதீர்கள்.