வாஷிங்டனுக்குக் கடிவாளம்: அமெரிக்கப் பழமைவாதிகள் முன்வைக்கும் நான்கு வழிகள்

1981 ஜனவரி 20 அன்று அதிபராகப் பதவியேற்ற ரொனால்ட் ரேகன், கூட்டாட்சி அரசு (வாஷிங்டனிலுள்ள மத்திய அரசு) மாநிலங்களைப் படைக்கவில்லை, மாநிலங்களே கூட்டாட்சி அரசைப் படைத்தன என்று தம் முதல் உரையிலேயே நினைவூட்டினார். இந்தக் கருத்தை மறுக்கும் அமெரிக்கப் பழமைவாதி அரிது. கூட்டாட்சிக்கு வழங்கப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று அரசியலமைப்பின் 10ஆம் திருத்தமும் 1791 முதல் சொல்லிவருகிறது. ஆனால் அந்த வரம்பை மீண்டும் நிலைநாட்டுவது எப்படி என்று கேட்டால், ஒரே முகாமிலிருந்து ஒன்றுக்கொன்று பொருந்தாத விடைகள் வருகின்றன. நீதிமன்றங்களை நம்புவோர் ஒரு பக்கம், அதிபரின் கையை வலுப்படுத்துவோர் மறுபக்கம். அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்போரும், பணத்தையும் பொறுப்பையும் மாநிலங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்போரும் வேறு இரு பக்கம்.

கூட்டாட்சி அரசு சுருங்க வேண்டுமா என்பதில் வாசகருக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். இந்த வழிகளை ஆதரிப்பவர்களின் இலக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியால் நான்கையும் அளந்து பார்க்கிறேன்: எதிர்க்கட்சிக்காரர் வெள்ளை மாளிகைக்கு வந்த பிறகும் அந்த வரம்பு நிற்குமா?

நீதிமன்ற வழிக்கு நீண்ட பொறுமை தேவைப்பட்டது. 1982இல் சட்ட மாணவர்கள் தொடங்கிய ஃபெடரலிஸ்ட் சொசைட்டி, அரசியலமைப்பை அது எழுதப்பட்ட காலத்துப் பொருளிலேயே படிக்க வேண்டும் என்ற கொள்கையில் ஒரு தலைமுறை வழக்கறிஞர்களையும் நீதிபதிகளையும் வளர்த்தெடுத்தது. அதன் முழு விளைச்சல் நாற்பது ஆண்டுகள் கழித்தே வந்தது. நாட்டையே பாதிக்கும் பெரிய கேள்விகளில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தெளிவாக அதிகாரம் தந்திராவிட்டால், விதிகளை வகுக்கும் ஓர் அரசு முகமை தானே முடிவெடுக்க முடியாது என்று 2022இல் வெஸ்ட் வர்ஜீனியா மாநிலம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு, அதிபர் பைடன் அறிவித்த சுமார் 40,000 கோடி டாலர் மாணவர் கடன் தள்ளுபடியும் காங்கிரஸின் தெளிவான அனுமதி இல்லை என்ற காரணத்தால் வீழ்ந்தது. பிறகு 2024 ஜூன் 28 அன்று, நியூ ஜெர்சியின் கேப் மே துறைமுகத்து ஹெர்ரிங் மீன்பிடிப் படகுக்காரர்களின் வழக்கில் பெரிய தீர்ப்பு வந்தது. படகில் ஏறும் அரசுக் கண்காணிப்பாளருக்கு நாளொன்றுக்கு 710 டாலர் வரை படகு உரிமையாளரே தர வேண்டும் என்று முகமை விதித்திருந்தது. அதற்கான சட்டமோ இது பற்றி எதுவும் சொல்லவில்லை. சட்டம் மௌனமாகவோ தெளிவில்லாமலோ இருக்கும் இடத்தில் முகமையின் நியாயமான விளக்கத்துக்கு நீதிபதிகள் வழிவிட வேண்டும் என்ற, செவ்ரான் வழக்கின் பெயரால் அறியப்பட்ட கோட்பாட்டை நீதிமன்றம் அன்று கைவிட்டது.

அந்த செவ்ரான் கோட்பாட்டின் பிறப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டும். அது 1984இல் பிறந்தது ரேகன் அரசின் வெற்றியாக. ஆன் கோர்சச் தலைமையிலிருந்த சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தொழிற்சாலைகளுக்குச் சாதகமாகச் செய்த விளக்கத்தைத்தான் நீதிமன்றம் ஏற்றது. பழமைவாத நீதிபதி அன்டோனின் ஸ்கலியா நெடுங்காலம் அக்கோட்பாட்டை ஆதரித்தார். அன்றைய பழமைவாதிகளுக்கு அது தாராளவாத நீதிபதிகளிடமிருந்து கிடைத்த விடுதலை. முகமைகள் எதிர்த்தரப்பின் கைக்குப் போனபோது அதே கோட்பாடு சுமையானது. 2024இல் அதற்கு முடிவு கட்டியவர்களில் ஒருவர் ஆன் கோர்சச்சின் மகன், நீதிபதி நீல் கோர்சச். வரம்பு என்று நினைத்துக் கட்டிய ஒன்று ஆட்சி மாறியதும் எதிராளியின் கோட்டையாகிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆயினும் இப்போதைய தீர்ப்புகள் எந்தக் கட்சியின் முகமையையும் ஒரே அளவாகக் கட்டுகின்றன என்பதால், என் கேள்விக்கு இவ்வழி ஓரளவு நல்ல விடை தருகிறது. அதன் குறை வேறு. நீதிமன்றம் தடுக்க முடியும். எதையும் குறைக்கவோ திருப்பித் தரவோ முடியாது. வழக்கு வந்தால்தான் அது பேசும்.

அதிபர் வழியை ஆதரிப்பவர்களின் வாதம் இது: நிர்வாக அதிகாரம் முழுவதையும் அரசியலமைப்பு ஒரே மனிதரிடம் ஒப்படைத்திருக்கிறது, ஆகவே எவருக்கும் பதில் சொல்லாத அதிகாரி வர்க்கத்தை, மக்கள் தேர்ந்தெடுத்த அதிபர் கட்டுப்படுத்துவதே மக்களாட்சி. சுயேச்சை ஆணையங்களின் உறுப்பினர்களை அதிபர் விருப்பப்படி நீக்க முடியாது என்ற 1935ஆம் ஆண்டுத் தீர்ப்பை இவர்கள் பிழையென்று கருதுகிறார்கள். இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. விதிகளை எழுதும் அதிகாரிக்கு யாரும் வாக்களிப்பதில்லை. 1981 பிப்ரவரியில் ரேகன் பிறப்பித்த ஆணை, பெரிய விதி ஒவ்வொன்றுக்கும் செலவையும் பயனையும் கணக்கிட்டு வெள்ளை மாளிகையின் பார்வைக்கு அனுப்பச் சொன்னது. பின்வந்த இரு கட்சி அதிபர்களும் அந்த நடைமுறையின் சாரத்தைத் தக்கவைத்தார்கள். இவ்வழியின் சிறந்த சாதனை அதுதான்.

மற்றவை அப்படி நிற்கவில்லை. கொள்கை வகுப்பில் பங்குள்ள அரசு ஊழியர்களின் பணிப் பாதுகாப்பை நீக்கும் 'ஷெட்யூல் எஃப்' ஆணையை டிரம்ப் 2020 அக்டோபரில் பிறப்பித்தார். பைடன் 2021 ஜனவரியில் அதை நீக்கினார். டிரம்ப் 2025 ஜனவரியில் மீட்டெடுத்தார். கையெழுத்தால் வந்தது கையெழுத்தால் போகிறது. 2025இல் தொடங்கப்பட்ட அரசுத் திறன் துறையைப் பற்றி, குறைந்தது 2 லட்சம் கோடி டாலரைக் குறைக்கலாம் என்று ஈலான் மஸ்க் முன்னதாகச் சொல்லியிருந்தார். ஊழியர் எண்ணிக்கை பெருமளவில் குறைந்தது உண்மை. ஆனால் 2025 நிதியாண்டின் மொத்தச் செலவு முந்தைய ஆண்டைவிடக் கூடி, சுமார் 7 லட்சம் கோடி டாலரானது. ஓய்வூதியம், முதியோர் மருத்துவம், கடன் வட்டி, பாதுகாப்பு ஆகியவற்றில்தான் பணம் போகிறது. சிவில் ஊழியர்களின் சம்பளம் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் காங்கிரஸ் வாக்களித்து ரத்துசெய்த வெளிநாட்டு உதவியும் பொது ஒலிபரப்பு நிதியும் சேர்த்து சுமார் 900 கோடி டாலர். தொகை சிறிது, ஆனால் அது சட்டமாக நிறைவேறியது.

எனக்கு இவ்வழியில் உள்ள பெருங்கவலை, இது வாஷிங்டனின் அதிகாரத்தைக் குறைக்காமல் வாஷிங்டனுக்குள்ளேயே இடம் மாற்றுகிறது என்பதே. அதிபர் நிக்சன், காங்கிரஸ் ஒதுக்கிய நிதியைச் செலவிட மறுத்ததால்தான் 1974இல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. அச்சட்டமே அரசியலமைப்புக்கு விரோதமானது என்று வாதிடும் பழமைவாதி, நாளை ஒரு தாராளவாத அதிபர் எல்லைக் காவலுக்கான நிதியை முடக்கினால் என்ன சொல்வார்? அதிபர் கையில் சேர்ந்த சாவிக்கொத்து நான்காண்டுக்கொருமுறை கைமாறக்கூடியது.

அரசியலமைப்புத் திருத்த வழியைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 5ஆவது ஷரத்தின்படி 34 மாநிலச் சட்டமன்றங்கள் கேட்டால் காங்கிரஸ் ஒரு மாநாட்டைக் கூட்டியாக வேண்டும். அதன் முன்மொழிவை 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். அரசு தன் வருவாய்க்கு மேல் செலவிடக் கூடாது என்னும் சமநிலை வரவு செலவுத் திருத்தத்துக்கான கோரிக்கை 1983இல் 32 மாநிலங்களை எட்டியது. பிறகு சில மாநிலங்கள் பின்வாங்கின. அதே திருத்தம் 1997இல் செனட்டில் 66 வாக்குகள் பெற்று, தேவையான மூன்றில் இரு பங்குக்கு ஒரே வாக்குக் குறைந்து தோற்றது. நிறைவேறினால் இந்த வழியைப் போல் உறுதியானது வேறில்லை. ஆனால் பழமைவாதிகளே இதில் பிளவுபட்டிருக்கிறார்கள். 1787இல் மாநிலங்களுக்கிடையிலான பழைய உடன்படிக்கையைத் திருத்த பிலடெல்பியாவில் கூடியவர்கள் அதைக் கிழித்துப் புதிதாக எழுதிய வரலாற்றை ஜான் பர்ச் சொசைட்டி போன்ற அமைப்புகள் நினைவூட்டி எதிர்க்கின்றன. ஸ்கலியாவும் 2014இல் அத்தகைய மாநாடு தமக்கு வேண்டாம் என்றார்.

என் மனம் அதிகம் நிற்பது நான்காம் வழியில், பணத்தில். கூட்டாட்சி இன்று மாநிலங்களை ஆணையிட்டு ஆள்வதைவிட நிபந்தனையுள்ள மானியத்தால் ஆள்வதே அதிகம். மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு அது ஆண்டுக்கு 1 லட்சம் கோடி டாலருக்கும் மேல் தருகிறது. அதில் பெரும்பங்கு ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவ உதவிக்கானது. 1984இல் மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களின் நெடுஞ்சாலை நிதியில் ஒரு பங்கைப் பிடித்தம் செய்யும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் ரேகனே. 19 வயதினருக்கு இலேசான பீர் விற்க அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்கு தொடுத்துத் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியான தலைமை நீதிபதி ரேன்குவிஸ்ட். 1988க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன. 10ஆம் திருத்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்தப் பிடியைத் தளர்த்தும் முயற்சிகளில்தான் உண்மையான பலன் தெரிகிறது. 2012இல் உச்ச நீதிமன்றம், ஒபாமாவின் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மெடிக்கெய்ட் விரிவாக்கத்தை ஏற்காத மாநிலத்தின் பழைய நிதியையும் பறிப்பது மிரட்டலாகும் என்று ஏழு நீதிபதிகளின் ஆதரவுடன் தீர்ப்பளித்தது; அதன் பலத்தில் டெக்சாஸ், ஃபுளோரிடா உள்ளிட்ட மாநிலங்கள் இன்றுவரை விலகி நிற்கின்றன. ரேகன் 1981இல் 50க்கும் மேற்பட்ட தனித்தனி மானியங்களை மாநிலங்கள் கூடுதல் சுதந்திரத்துடன் செலவிடக்கூடிய ஒன்பது தொகுப்பு மானியங்களாக்கினார். 1996இல் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் இயற்றி, ஜனநாயகக் கட்சி அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட நலத்திட்டச் சீர்திருத்தம், 1935 முதல் இருந்த ஏழைக் குடும்ப உதவியை மாநிலங்களின் பொறுப்பாக்கியது. அதற்குப் பிறகு வந்த எந்த அதிபரின் காலத்திலும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அதன் விலையையும் மறைக்கக் கூடாது. மாநிலங்களுக்கான அந்தத் தொகை அன்று ஆண்டுக்குச் சுமார் 1,650 கோடி டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. விலைவாசி ஏறியும் அது ஏறவேயில்லை. மிசிசிப்பியில் ஏழைகளுக்கான இந்தப் பணத்தில் 7 கோடி டாலருக்கும் மேல் முறைகேடாகச் செலவானதாக மாநிலத் தணிக்கையாளரே கண்டறிந்தார். அதிகாரம் அருகில் வந்தால் பொறுப்பும் தானாக வரும் என்று நம்புகிற நண்பர்கள் மிசிசிப்பியை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வழியின் முழு வடிவத்தை ரேகன் 1982 ஜனவரியில் முன்வைத்தார்: மெடிக்கெய்ட் முழுவதையும் கூட்டாட்சி ஏற்கும், உணவு உதவியையும் குடும்ப உதவியையும் மாநிலங்கள் ஏற்கும். யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் குடிமகன் சந்தேகமின்றி அறியும்படி அது கோடு போட்டிருக்கும். மாநில அரசுகளின் தலைவர்களான ஆளுநர்களுடனான பேச்சு பலிக்காமல், காங்கிரஸை எட்டும் முன்பே அது மடிந்தது. வாஷிங்டனைக் குறைகூறிக்கொண்டே அதன் காசோலையைப் பெறுவது ஆளுநர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

காங்கிரஸிடமும் இதே தயக்கம்தான். பொருளாதாரத்தில் 10 கோடி டாலருக்கு மேல் தாக்கம் உள்ள விதி எதுவும் இரு அவைகளின் வாக்கெடுப்பின்றி நடைமுறைக்கு வராது என்னும் ரீன்ஸ் மசோதாவைப் பிரதிநிதிகள் சபை 2011 முதல் பலமுறை நிறைவேற்றியிருக்கிறது. செனட் ஒருமுறையும் நிறைவேற்றவில்லை. நீதிமன்றம் ஒவ்வொரு தீர்ப்பிலும் காங்கிரஸே முடிவெடுக்கட்டும் என்று கோப்பைத் திருப்பி அனுப்புகிறது. 1996இன் நலத்திட்டச் சட்டம் நிலைத்ததும் காங்கிரஸ் முடிவெடுத்ததால்தான். பழமைவாதிகள் தங்கள் நன்கொடைகளிலும் உழைப்பிலும் பெரும்பகுதியை அதிபர் தேர்தலிலும் நீதிபதி நியமனத்திலும் செலவிடுவதை விட்டு, ரீன்ஸ் மசோதா மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குக் கொண்டுவரச் செனட்டில் தேவைப்படும் 60 வாக்குகளைத் திரட்டுவதில் செலவிட்டிருக்க வேண்டும் என்பதே என் கருத்து.