சித்தப்பா மிக்ஸ்: சில வருடம் ஓட்டிப் பார்த்த பின் என் அபிப்பிராயம்

இறந்துபோனவர் நினைவாகப் பாட்டுத் தொகுப்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் அதை முடித்த கையோடு அதைப் பற்றி எழுதிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எந்தப் பாட்டைப் போட்டாலும் கண் கலங்கும். தொகுப்பு தாங்குமா தாங்காதா என்பது முதல் திவசம் தாண்டி, காரிலும் சமையலறையிலும், யாரும் அழாத ஒரு சாதாரண நாளில் அதைப் போடும்போதுதான் தெரியும். என் சித்தப்பாவுக்காக நான் சேர்த்த மிக்ஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஜாஸ், சோல் பாட்டுகளின் தொகுப்பு) அந்தக் கட்டத்தைக் கடந்து சில வருடம் ஆகிவிட்டது. எது நின்றது, எது உதிர்ந்தது என்று எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

சித்தப்பா தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். அவருக்கு ஜாஸ் பழகியது சிற்றலை ரேடியோவில். அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கானவர் 1955-இல் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்திய நிகழ்ச்சி அது. ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கும் புரியட்டும் என்று மனிதர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அதன் முகப்பு இசை 'டேக் தி ஏ டிரெயின்'. அதனால் மிக்ஸின் முதல் பாட்டு எது என்பதில் எனக்கு யோசனையே வேண்டியிருக்கவில்லை. பியானோ கலைஞர் டியூக் எலிங்டன் குழுவின் 1941 பதிவு, மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கப்பல் பாட்டு'.

அடுத்ததுதான் சிக்கல். ஜாஸில் இரங்கல் பாட்டுகளுக்குப் பஞ்சமே இல்லை. சாக்ஸபோன்காரர் லெஸ்டர் யங் 1959 மார்ச்சில் இறந்தார். அந்த மே மாதமே பாஸ் வாத்தியக்காரர் சார்லஸ் மிங்கஸ் அவருக்காக 'குட்பை போர்க் பை ஹேட்' பதிவு செய்துவிட்டார். டிரம்பெட்காரர் கிளிஃபர்ட் பிரவுன் 1956-இல் கார் விபத்தில் போனபோது வயது 25. அவருக்காக பென்னி கோல்சன் எழுதியது 'ஐ ரிமெம்பர் கிளிஃபர்ட்'. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்காமில் கறுப்பின மக்களின் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற இரண்டு மாதத்தில் சாக்ஸபோன்காரர் ஜான் கோல்ட்ரேன் வாசித்தது 'அலபாமா'. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட மூன்றாம் நாள் பாடகி நீனா சிமோன் மேடையில் பாடியது 'ஒய்?'. முதல் பட்டியலில் இவை எல்லாமே இருந்தன. பேப்பரில் பார்த்தால் குறை சொல்ல முடியாத பட்டியல்.

தன் மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தபோது காரில் அதைக் கேட்டுக்கொண்டே வந்த சித்தி, பாதி வழியில் சவுண்டைக் குறைத்துவிட்டுக் கேட்டார்: "ஏல, உங்க சித்தப்பா என்னிக்கு இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுப் பாட்டுக் கேட்டாக? மீன் ஆயும்போதுகூட விசில் அடிச்சிக்கிட்டுல்லா இருப்பாக!"

இந்த மிக்ஸுக்குக் கிடைத்த உருப்படியான விமர்சனம் இதுதான். அதற்குப் பிறகு பாட்டைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றே ஒன்று: சாவைப் பற்றிய பாட்டா என்று பார்ப்பதில்லை, அவர் வாயில் வந்த பாட்டா என்றுதான் பார்க்கிறேன். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் தி பே' இப்படித்தான் உள்ளே வந்தது. 1967 டிசம்பர் 10 விமான விபத்தில் ஓட்டிஸ் இறந்தார், வயது 26. பாட்டைப் பதிவு செய்து சில நாள்தான் ஆகியிருந்தது. அலைச் சத்தத்தையும் கடற்பறவைக் குரலையும் பிறகு சேர்த்தவர் கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பர். கடைசியில் வரும் அந்த விசில் சித்தப்பாவின் சொத்து மாதிரி. கரையில் உட்கார்ந்து கப்பல் வருவதையும் போவதையும் பார்க்கிறவனின் பாட்டு; கப்பலில் இருந்தவருக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று கேட்டால், "கப்பல்ல இருக்கவனுக்குத்தான்ல கரை ஞாபகம்" என்பார்.

நீண்ட நாள் ஓட்டத்தில் எது உழைத்தது என்று பார்த்தால், முதலில் கழன்றது நீனா சிமோன். மோசம் என்பதால் இல்லை; ஒரு தேசமே அடிபட்டு நிற்கும்போது எழுந்த குரல் அது, இன்னொரு வீட்டுத் துக்கத்துக்கு அதைக் கடன் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. தனியாக உட்கார்ந்து கேட்கிறேன். 'கிளிஃபர்ட்' மட்டும் சலிக்கவே இல்லை. 1957-இல் டிரம்பெட்காரர் லீ மார்கன் வாசித்த பதிவை வைத்திருக்கிறேன். அப்போது அவருக்கு 18 வயதுதான். பின்கதை தெரியாதவர்களுக்கும் அந்த ராகம் பிடித்துவிடுகிறது. பாடகர் பில் விதர்ஸின் 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' இரண்டே நிமிடம், 1971. பாட்டியின் கையைப் பற்றி மட்டுமே பாடுகிறார், அழச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ரிவைண்ட் ஆகும் பாட்டு அது ஒன்றுதான். இன்னொரு சோல் பாடகர் டானி ஹாத்தவேயின் 1972 லைவ் ஆல்பத்தில் 'யூ ஹேவ் காட் எ ஃப்ரெண்ட்' வரும்போது அரங்கமே பல்லவியை எடுத்துக்கொள்ளும். ஸ்டுடியோ சுத்தம் தேடுகிறவர்களுக்கு ஒத்துவராது. ஆள் கூட்டமாக இருக்கும் வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமான பதிவு இல்லை என்பேன்.

வரிசைக்கு நான் பின்பற்றியது நியூ ஆர்லியன்ஸ் முறை. சித்தப்பா அந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறார், அங்கத்திய சவ ஊர்வலத்தைப் பற்றி அடிக்கடி சொல்வார். கல்லறைக்குப் போகும்போது பிராஸ் பேண்ட் (டிரம்பெட் மாதிரி பித்தளை ஊதுவாத்தியக் குழு) மெல்ல, கீர்த்தனை நடையில் போகும். ஸ்னேர் டிரம்மில் கைக்குட்டையைச் செருகிச் சத்தத்தை அமுக்கியிருப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது கைக்குட்டை வெளியே வரும், பேண்ட் வேகம் பிடிக்கும், பின்னால் வருகிற கூட்டம் குடையைச் சுழற்றிக்கொண்டு ஆடும். சாவுக்குப் பறையடித்து ஆடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதனால் மிக்ஸிலும் மெதுவானவை பெரும்பாலும் முன்பாதியில், திரும்பி வரும் பாட்டுகள் பின்பாதியில். மொத்தம் சி-90 கேசட்டின் ஒரு பக்க அளவு, சுமார் 45 நிமிடம். தூத்துக்குடியில் ஏறினால் திருநெல்வேலிக்குள் நுழைவதற்குள் முடிந்துவிடும்.

தொழில்நுட்ப விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பயன்பாட்டில் பாதித் தலைவலி அங்கேதான். ஸ்ட்ரீமிங் பிளேலிஸ்டாக வைத்தால் நிலைக்காது. நான் முதலில் வைத்திருந்த ஆப்பில் உரிமம் போன பாட்டுகள் சாம்பல் நிறமாகிவிட்டன. 'போர்க் பை ஹேட்' வரும் மிங்கஸ் ஆல்பத்துக்கு இன்னொரு தொல்லை: 1959 எல்பி இசைத்தட்டில் இடம் போதாமல் சில பாட்டுகளை வெட்டியிருந்தார்கள், பிந்தைய பதிப்புகளில் வெட்டியதைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். எந்தப் பதிப்பு வந்து உட்காரும் என்பது நம் கையில் இல்லை. ஆகவே சிடியிலிருந்து எடுத்த, காசு கொடுத்து டவுன்லோடு செய்த சொந்தக் கோப்புகள்தான் சரி. மூலத்தை ஃபிளாக்கில் (தரம் குறையாத கோப்பு வகை) வைத்துக்கொள்ளுங்கள். பழைய கார் ஸ்டீரியோவுக்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 போதும்.

சத்த அளவை ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் லவுட்னஸ் நார்மலைசேஷன் போட்டு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம். ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் தனிப் பியானோ முழு ஆர்கெஸ்ட்ராவைவிடப் பெரிதாகக் கேட்கும். பியானோவை இரண்டு, மூன்று டெசிபல் காதால் கேட்டுக் குறைக்க வேண்டும். சித்தி காரில் இடது ஸ்பீக்கர் செத்துப் பல காலம் ஆகிறது. 60-களின் தொடக்க ஸ்டீரியோவில் சாக்ஸ் ஒரு பக்கம், டிரம்ஸ் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பார்கள். 'அலபாமா'வில் கோல்ட்ரேனே காணாமல் போனார். காருக்கான பிரதியை மட்டும் மோனோவாக்கினேன். இன்னொன்று, பல கார் பிளேயர்கள் பெயர் வரிசையைப் பார்ப்பதில்லை, பென் டிரைவில் எது முதலில் காப்பி ஆனதோ அதைத்தான் முதலில் பாடும். 01, 02 என்று பெயர் வைப்பதோடு, ஒவ்வொன்றாக அந்த வரிசையிலேயே காப்பி செய்யுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடு வேண்டவே வேண்டாம்.

கடைசி இரண்டு பாட்டுகளைத்தான் வெகுநாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். 'ஏ டிரெயின்' எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1967 மே மாதம் புற்றுநோயில் இறந்தார், வயது 51. சில மாதத்தில் எலிங்டன் அவருடைய பாட்டுகளை மட்டுமே வைத்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். ஒருநாள் வேலை முடிந்து மற்றவர்கள் வாத்தியங்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது, எலிங்டன் மட்டும் பியானோவில் உட்கார்ந்து 'லோட்டஸ் பிளாஸம்' வாசிக்கத் தொடங்கினார். டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனில் கேட்டால் பின்னால் பேச்சுச் சத்தமும் தடதடப்பும் வரும். போகப் போக அது அடங்கிவிடும். நாய்ஸ் ரிடக்ஷன் என்று எதையாவது போட்டு அந்தச் சத்தத்தைத் துடைத்துவிடாதீர்கள், பாட்டின் உயிரே அதுதான்.

அதோடு முடிக்கத்தான் யாருக்கும் தோன்றும். நான் அதற்குப் பிறகு ஆறு விநாடி இடைவெளி விட்டு 'சர் டியூக்' வைத்திருக்கிறேன். எலிங்டன் 1974-இல் இறந்தபின் ஸ்டீவி வொண்டர் 1976-இல் போட்ட அஞ்சலி. துக்கம் ஒரு சொட்டு கிடையாது. பிராஸ் வாத்தியங்கள் எல்லாம் ஒரே வரியை ஒன்றாக வாசித்துக்கொண்டு ஓடும் இடத்தில் சித்தியின் விரல் ஸ்டியரிங்கில் தாளம் போடும். ஆறு விநாடி குறைந்தால் அடித்து எழுப்பியது போலிருக்கிறது, கூடினால் பென் டிரைவ் நின்றுவிட்டதோ என்று கை போகிறது.

இப்போது நிலுவையில் இருப்பது ஒரே ஒரு பஞ்சாயத்து. துபாய்த் தம்பி 'அலபாமா'வை எடுத்துவிட்டு மைல்ஸ் டேவிஸ் போடச் சொல்கிறான். மைல்ஸ் வேண்டுமென்றால் அவன் தனியாக ஒரு மிக்ஸ் போட்டுக்கொள்ளட்டும், சிடி எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது, தருகிறேன்.