முள் அசையாத டைனமோமீட்டர்

காலிபரேஷனுக்குப் போயிருந்த என் ஹைட்ராலிக் டைனமோமீட்டர், அதாவது கைப்பிடியின் வலுவை டயலில் முள்ளால் காட்டும் கருவி, திரும்பி வந்துவிட்டது. அதே வாரம், கை சிகிச்சைப் பிரிவு தொடங்கப்போகும் தோழி, "இதையே வாங்கட்டுமா?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதைக் கோபம் கொஞ்சம் குறைத்து எழுதுகிறேன்.

உழைக்கிறது, பேட்டரி கேட்பதில்லை. உட்காரவைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, கைப்பிடியை இரண்டாம் நிலையில் வைத்து, மூன்று முறை பிடிக்கச் சொல்லிச் சராசரி எடுத்தால், நான் குறித்த எண்ணை இன்னொருவர் குறித்ததோடு தைரியமாக ஒப்பிடலாம். விரலை எதிர்த்துத் தள்ளிப் பார்த்து 0 முதல் 5 வரை தரம் போடும் முறையில் அந்தத் தைரியம் வராது. அதில் 4 என்பது பெரிய கிடங்கு. லேசாகத் தளர்ந்த கையும் பாதி வலு போன கையும் அதற்குள்ளேயே கிடக்கும். புவியீர்ப்பை எதிர்த்து அசைக்க முடிந்தால் 3, முடியாவிட்டால் 2 என்று பிரிப்பதும் விரலுக்குப் பொருந்துவதில்லை. விரலின் எடைதான் எவ்வளவு!

என் எரிச்சலெல்லாம் அந்த முள்ளின் மேல்தான். வலு மிகக் குறைந்த கை பிடித்தால் அது அசைவதே இல்லை. நரம்புத் தையலுக்குப் பின் மாதக்கணக்கில் பயிற்சி செய்தவர், இன்று கொஞ்சம் வருகிறது என்று ஆசையோடு பிடிப்பார். முன்கையில் தசை சுருங்குவது என் விரலுக்குத் தெரியும். முள் பூஜ்யத்தில் நிற்கும். கைப்பிடியும் நகராத அமைப்பு என்பதால் அவர் உள்ளங்கைக்கும் ஒன்றும் புலப்படாது. டயல் என் பக்கம்தான் இருக்கும், ஆனாலும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் ஏறலையே மேடம்?" என்பார்.

காலிபரேஷன் சான்றிதழில் எல்லாம் சரியாம். ஆக, அது கெட்டுப்போய் அசையாமல் இல்லை. நன்றாக இருந்தே அசையவில்லை.

முள் ஏறினாலும் முழுதாக நம்ப முடியாது. மணிக்கட்டுக் குகையில் நரம்பு அழுந்தி, கட்டைவிரல் மேடு வற்றிப்போனவரின் பிடி ஓரளவு நன்றாகவே காட்டும். பிடிக்கு முக்கியமான நீண்ட மடக்குத் தசைகளுக்கான நரம்புக் கிளைகள் முன்கையிலேயே பிரிந்துவிடுகின்றன. எண்ணைப் பார்த்து நான் தலையாட்டுவேன். அவரோ சட்டைப் பொத்தான் போட முடியாமல் உட்கார்ந்திருப்பார். கட்டைவிரலை உள்ளங்கையிலிருந்து மேலே தூக்கச் சொல்லிக் கையால் எதிர்த்துப் பார்த்தால்தான் விஷயம் வெளிவரும்.

முதியோர் பரிசோதனையில் இதைக் குறை சொல்ல மாட்டேன். வயதானால் தசையும் வலுவும் குறைவதை ஆராயும் ஆசியப் பணிக்குழு, வலுக் குறைவு என்று கொள்ள 2019-இல் வகுத்த வரம்பு இருக்கிறது: ஆண் 28 கிலோவுக்குக் கீழ், பெண் 18 கிலோவுக்குக் கீழ். அந்த அளவுகளில் முள் ஒழுங்காகப் பேசும்.

தோழியிடம் வாங்காதே என்றே சொல்லிவிட்டேன். நரம்புக் காயங்களே அதிகம் வரும் இடம் என்றால் முதல் பணத்தை, விரல்களால் கிள்ளிப் பிடிக்கும் வலுவை அளக்கும் பிஞ்ச் கேஜில் போடு. மூட்டுவலிக் கைகளுக்கு ரப்பர் பல்பை அமுக்கும் வகை போதும். சரி, அதுவரை உன்னுடையதைக் கொடு என்றாள். தர முடியாது, எனக்குத் தினமும் வேண்டும்.