வாய் உடைந்த டி2 கத்தி: மூன்று வருட அனுபவம்

இரண்டு மடக்குக் கத்திகளை மூன்று வருடமாக மாற்றி மாற்றிப் பையில் வைத்திருக்கிறேன். இரண்டுமே விலை குறைந்தவை. ஒன்று டி2 எஃகு, மற்றது 8சிஆர்13எம்ஓவி (சுருக்கமாக 8சிஆர்) என்ற எஃகு. அட்டைப்பெட்டி பிரிப்பது, கயிறு அறுப்பது, கேபிள் டை வெட்டுவது, எப்போதாவது குச்சி சீவுவது, அவ்வளவுதான் வேலை. வாங்கிய இரண்டாவது மாதமே டி2 கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, உடைய ஆரம்பித்தது. எஃகே மட்டம் என்று அப்போது முடிவு கட்டிவிட்டேன். இன்றைக்கு அந்தக் கத்தியைத்தான் அதிகம் எடுக்கிறேன்.

கூரான வாயை விளக்கு வெளிச்சத்தில் நேர் மேலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியக்கூடாது. ஒரு புள்ளி மின்னினால், அந்த இடம் மழுங்கியிருக்கிறது அல்லது உடைந்திருக்கிறது என்று பொருள். என் டி2 கத்தியில் நுனிக்குச் சற்றுக் கீழே நான்கு புள்ளிகள் வரிசையாக மின்னின. காது குடையும் பஞ்சுக்குச்சியை வாயின் மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நின்றது. அட்டைப்பெட்டியில் இருந்த ஒரு ஸ்டேப்ளர் பின் செய்த வேலை அது. பிறகொரு நாள் அதே மாதிரிப் பின்னில் 8சிஆர் கத்தியும் பட்டது. அது உடையவில்லை, வாய் ஒரு பக்கமாக மடங்கிக் கிடந்தது. கூர் தீட்டும் தோல் பட்டையில் நாலு முறை இழுத்ததும் பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எஃகின் உள்ளேயே இருக்கிறது. டி2-வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதத்தை ஒட்டி. இவை சேர்ந்து கார்பைடு எனப்படும் மிகக் கடினமான, பெரிய பெரிய துகள்களாகின்றன. தேய்மானத்தைத் தாங்குவது இந்தத் துகள்கள்தான். ஆனால் வாயை ரொம்ப மெல்லிதாக்கினால் அவற்றைப் பிடித்து நிறுத்த அங்கே போதிய எஃகு இருக்காது, துகளோடு சேர்ந்து வாயும் பெயர்ந்து வரும். 8சிஆரில் கார்பன் சுமார் 0.8 சதவீதம். கார்பைடு குறைவு, கடினமும் பொதுவாகச் சற்றுக் குறைவு. அதனால் உடைவதற்கு முன் வளைந்து கொடுக்கிறது, அட்டையில் சீக்கிரம் மழுங்கியும் போகிறது.

அப்புறம், என் கை செய்த தவறு. ஆலையிலிருந்து வந்த கூர் போதவில்லை என்று பக்கத்துக்கு 15 டிகிரி வைத்துத் தீட்டினேன். சவரக்கத்தி மாதிரி இருந்தது, ஒரு வாரம். அந்தக் கோணத்தில் டி2 உடையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இப்போது 20 டிகிரிக்குக் குறைப்பதில்லை. அதோடு, நான் உடைப்பு என்று நினைத்த பல இடங்கள் உண்மையில் பிசிறு. தீட்டும்போது மறுபக்கம் எழும் மெல்லிய பிசிறைச் சரியாக எடுக்காமல் விட்டிருந்தேன். முதல் பெட்டியிலேயே அது பெயர்ந்து போய், அடியில் மழுங்கிய வாய் மிஞ்சியது.

இப்போது செய்வது இதுதான். வாயை ஒட்டிய சரிவு முழுக்க மார்க்கர் மையைப் பூசிவிட்டு, 400 கிரிட் (சொரசொரப்பின் அளவு, எண் கூடக்கூட நைசு) வைரத்தட்டில் இரண்டு இழுப்பு. மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தால் கோணம் சரியா என்று தெரிந்துவிடும். ஒரு பக்கம் தீட்டி, மறுபக்கம் அடி முதல் நுனி வரை பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை பக்கத்தை மாற்றுவதில்லை. பிறகு 1000 கிரிட். கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, பிசிறு போவது இதில்தான். முடிவில் மெருகேற்றும் பச்சைப் பசை தடவிய தோல் பட்டை. 8சிஆருக்குச் சாதாரணச் சாணைக்கல்லே போதும். டி2-வைச் சாதாரணக் கல்லில் தீட்ட உட்கார்ந்தால் பொறுமை போய்விடும், அதற்கு வைரத்தட்டு வாங்குவதே நல்லது.

ஒருமுறை 8சிஆர் கத்தியை மோட்டார் சாணையில் கொடுத்தேன். பொறி பறக்கத் தீட்டி, நுனிப் பக்கம் நீலம் பாரித்துத் திரும்பி வந்தது. அந்த நீலம் வந்துவிட்டால் அங்கே எஃகின் பதம் போய்விட்டது என்றே அர்த்தம். அந்தப் பகுதி இரண்டு பெட்டிக்கு மேல் கூர் தாங்கவே இல்லை. கையால் பலமுறை தீட்டி அந்த எஃகு தேய்ந்து போன பிறகுதான் நுனி பழைய நிலைக்கு வந்தது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. தண்ணீர் விடாமல் மோட்டாரில் பிடிக்கும் யாரிடமும் கத்தியைக் கொடுக்காதீர்கள்.

வெட்டும் முறையும் முக்கியம். கேபிள் டையை வெட்டும்போது கத்தியைப் பக்கவாட்டில் திருகி நெம்பும் பழக்கம் எனக்கு இருந்தது. அதை விட்ட பிறகு டி2-வில் புது உடைப்பு அபூர்வம். துரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். டி2-வின் குரோமியத்தில் ஒரு பங்கு கார்பைடுக்குள்ளேயே அடங்கிவிடுவதால் அது முழுத் துருப்பிடிக்காத எஃகு இல்லை. ஈரத்தோடு மடக்கி வைத்த ஒரே இரவில் பிவட் (கத்தி மடங்கும் அச்சு) பக்கம் பழுப்புப் புள்ளி வந்தது.

அட்டை, கயிறு என்று நிறைய வெட்டுபவர், தீட்டப் பொறுமை உள்ளவர் என்றால் டி2 எடுங்கள். முதல் கத்தி, முதல் சாணைக்கல் என்றால் 8சிஆர்.

அந்த நான்கு புள்ளிகளில் மூன்று தீட்டத் தீட்டத் தானாகவே போய்விட்டன. நான்காவது மட்டும் ஆழம், முதலில் அரை மில்லிமீட்டர் இருந்திருக்கும். அதற்காக மொத்த வாயையும் தேய்க்க மனமில்லை. இப்போது பஞ்சு அதில் லேசாகத்தான் மாட்டுகிறது. இன்னும் நாலைந்து முறை தீட்டினால் அதுவும் போய்விடும்.