தேயிலை ஸ்டோருக்குள்ள ஆள் எங்க நிக்கிறாருன்னு கண்டுபிடிக்க எது சரி: வைஃபையா, ப்ளூடூத்தா, யூடபிள்யூபியா?

தகரக் கூரைக்கு அடில ஜிபிஎஸ் வேலைக்கு ஆகாது, அத மொதல்லயே தள்ளி வெச்சிருவோம். மிச்சம் இருக்குறது வைஃபை, ப்ளூடூத், அல்ட்ரா வைட்பேண்ட்னு சொல்ற யூடபிள்யூபி. ரெண்டு வருஷமா இலங்கைல பேராதனைக்கும் ஹட்டனுக்கும் பஸ்ல அலைஞ்சு இந்த மூணையும் ஒரு பழைய ஸ்டோர்ல, அதாவது தேயிலை ஃபேக்டரில, மாட்டி மாட்டி பாத்துட்டு இருக்கேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான், கொழுந்த உருட்டுற ரோலர் மெஷின் ஓடுறப்போ யாராவது கிட்ட வந்தா மெஷின் நிக்கணும், நிக்கும்னு கணக்குப் போட்டு நிரூபிக்கவும் முடியணும். எங்கப்பா ரோலிங் ரூம்ல வேலை செஞ்சவரு, அந்த சத்தத்துல பக்கத்துல நின்னு கத்துனாலும் கேக்காதும்பாரு.

வைஃபைல நெறைய பேர் பண்றது ஃபிங்கர்பிரிண்ட் முறை. ஒவ்வொரு எடத்துலயும் நின்னு எந்த ரவுட்டர் சிக்னல் எவ்வளவு பலமா வருதுன்னு எழுதி ஒரு மேப் செஞ்சிக்கிறது, அப்புறம் வர்ற ரீடிங்க அந்த மேப்போட பொருத்திப் பாக்குறது. 2000ல மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்ல பஹல், பத்மநாபன் ரெண்டு பேரும் ரேடார்ங்குற பேர்ல இத செஞ்சு காட்டுனாங்க, மீடியன் பிழை (பாதி ரீடிங் இதுக்குள்ள, பாதி இதுக்கு மேல) கிட்டத்தட்ட 3 மீட்டர். ஆபீஸ் கட்டடத்துக்கு அது நல்ல முறை. நான் மேப் எடுத்தது ஒரு ஞாயித்துக்கிழமை, மாடில வாட்டுற தொட்டி எல்லாம் காலி, ரீடிங் அழகா வந்துச்சு. மறுநாள் கொழுந்து வந்து தொட்டி நெறைஞ்சதும் மேப் மொத்தமா தப்பு. பச்சைக் கொழுந்துல முக்கால் பங்கு தண்ணிதானே, 2.4 கிகாஹெர்ட்ஸ் சிக்னல அது குடிச்சிரும், அடுத்த நாள் காலைல கொழுந்து வாடுனதும் சிக்னல் திரும்பவும் மாறுது, இப்படி ஒரே எடத்துக்கு நேரத்துக்கு ஒரு மேப் எடுக்க யாரால முடியும்? 802.11எம்சி ஸ்டாண்டர்ட்ல வர்ற வைஃபை ஆர்டிடி சிக்னல் போய் வர்ற நேரத்த அளக்குது, மேப் தேவையில்ல, 1–2 மீட்டர் வரைக்கும் சொல்லும், ஆண்ட்ராய்டு 9ல இருந்து போன்ல இருக்கு. ஆனா ரவுட்டரும் அத சப்போர்ட் பண்ணணும், அந்த ஸ்டோர்ல இருக்குற ரவுட்டர் பண்ணாது.

ப்ளூடூத் பீக்கன், அதாவது விட்டு விட்டு சிக்னல் அனுப்புற குட்டிப் பெட்டி, மலிவு, பட்டன் பேட்டரில மாசக்கணக்கா ஓடும். ஆள் எந்த மாடில, எந்த ரூம்ல இருக்காருன்னு சொல்ல அது போதும், தீ பிடிச்சா யார் இன்னும் உள்ள இருக்காங்கன்னு பாக்க நான் அதத்தான் போடுவேன். ரோலர் பக்கத்துல வேணாம். ஆள் முதுகத் திருப்பினாலே ரீடிங் மாறுது.

யூடபிள்யூபி வேற ரகம். சிக்னல் பலத்தப் பாக்காம அது வந்து சேர்ற நேரத்த அளக்குது. ஒரு நானோசெகண்ட்ல ரேடியோ அலை 30 சென்டிமீட்டர் போகும், இந்த சிப் அதுக்கும் கீழ பிரிச்சு அளக்கும், அதனால நேரா தெரியுற எடத்துல 10ல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள பிழை. இதுலயும் செய்யுற விதம் முக்கியம். ஆள் மாட்டியிருக்குற டேக் ஒரு மெசேஜ் அனுப்பி, செவுத்துல மாட்டுன ஆங்கர் பதில் சொல்ற ஒரு தரப்பு முறைல, ரெண்டு கடிகாரத்துக்கும் நடுவுல 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) வித்தியாசம் இருந்து பதில் வர 1 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா 3 மீட்டர் பிழை வந்துரும், இன்னொரு மெசேஜ் சேத்து ரெண்டு தரப்பும் அளந்தா அதுல பெரும்பங்கு போயிரும். நான் மொத மாசம் பூரா ஒரு தரப்புலயே அளந்துட்டு சிப்ப திட்டிட்டு இருந்தேன்.

ரோலரச் சுத்தி எவ்வளவு தூரத்துக்கு வேலி போடணும், அதாவது ஆள் எவ்வளவு கிட்ட வந்தா மெஷின நிறுத்தணும்? ஆள் நடந்து வர்ற வேகத்த ஐஎஸ்ஓ 13855ங்குற மெஷின் பாதுகாப்பு ஸ்டாண்டர்ட் செகண்டுக்கு 1.6 மீட்டர்னு எடுக்குது. ஆள் வர்றத சிஸ்டம் கவனிக்க 0.3 செகண்ட், ரோலர் நிக்க 2 செகண்ட்னு வெச்சுக்கோங்க, அதுக்குள்ள அவர் 3.68 மீட்டர் வந்துருவாரு. யூடபிள்யூபி பிழை 0.3 சேத்தா 4 மீட்டர் கிட்ட வரும். வைஃபைன்னா 3 சேத்து 6.68, அதுவும் அந்த 3 மீட்டர் மீடியன்தான், பாதி நேரம் அதுக்கும் மேல போகும், அதனால 6.68 கூட பத்தாது. ரோலிங் ரூம்ல 7 மீட்டர் தள்ளி எங்க நிக்கிறது, மெஷின் ஓடவே ஓடாது. மீடியன வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது, பிழை இதுக்கு மேல போகவே போகாதுங்குற ஒரு எல்லை வேணும்.

அப்போ யூடபிள்யூபிக்கு அந்த எல்லை இருக்கா? எல்லா நேரத்துலயும் இருக்காது, அதுதான் பெரிய பிரச்சன. நடுவுல இரும்போ ஒடம்போ மறைச்சா சிக்னல் சுத்தி வருது, நேரம் கூடுது, ஆள் உண்மைல நிக்கிறத விட தூரமா இருக்குற மாதிரி காட்டுது. பிழை ரெண்டு பக்கமும் வந்தா பரவால்லன்னு சொல்லலாம், இது ஆபத்தான பக்கமாவே வருது.

மெஷின நிறுத்துற சிஸ்டம் சரியா வேலை செய்யும்னு நிரூபிக்குற வழிலயும் போட்டி இருக்கு. சிமுலேஷன் லட்சம் தடவ ஓட்டுனாலும் ஓட்டாத ஒரு தடவைல என்ன நடக்கும்னு அது சொல்லாது. இசபெல் மாதிரி தியரம் ப்ரூவர்ல, அதாவது நாம எழுதுற நிரூபணத்த வரி வரியா சரிபாக்குற சாஃப்ட்வேர்ல, எதையும் நிரூபிக்கலாம்தான், ஆனா 2009ல எஸ்இஎல்4ங்குற கெர்னல (ஆபரேட்டிங் சிஸ்டத்தோட உள் பகுதி) நிரூபிச்சப்போ 8,700 வரி சி கோடுக்கு 2 லட்சம் வரி ப்ரூஃப் எழுதுனாங்க, தனி ஆளா நான் எங்க போறது. மாடல் செக்கிங் எனக்கு எட்டுச்சு, சிஸ்டம் போகக்கூடிய எல்லா நிலையையும் கம்ப்யூட்டரே தேடிப் பாக்கும். அதுக்கான சாஃப்ட்வேர்ல ஸ்பின் மெசேஜ் வரிசைக்கு நல்லா இருக்கு, ஆனா நேரத்த கடிகாரம் மாதிரி எண்ணாது. யூப்பால்ங்குற இன்னொண்ணுல மாடலுக்குள்ளயே கடிகாரம் உண்டு, அந்த மாதிரி மாடலுக்கு டைம்ட் ஆட்டோமேட்டான்னு பேர். எனக்கு அதுதான் சரி, டேக் எண்ணிக்கை கூடுனா மெமரி தீந்துருங்குற குறையோட.

'வேலிக்குள்ள ஆள் இருக்கறப்போ ரோலர் ஓடாது'ன்னு எழுதி ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்துலயே அந்த விதி உடையுற ஒரு கவுண்டர் எக்சாம்பிள் கைல குடுத்துச்சு: டேக் பேட்டரி சாகுது, சிஸ்டம் கடைசியா தெரிஞ்ச எடத்தையே நம்பிட்டு இருக்கு, ஆள் உள்ள வராரு, ரோலர் ஓடுது. இத ரோலிங் ரூம்ல ஒரு அண்ணன்கிட்ட படம் போட்டு காட்டுனப்போ, "பேட்டரி சாக வேணாம் தம்பி, கொட்டுன கொழுந்த அள்ள நாங்க குனிஞ்சா இந்த டேக் பெட்டி நெஞ்சுக்கு அடில மறைஞ்சிரும்"னாரு. அன்னைக்கே டேக்க தொப்பிக்கு மாத்துனோம், மூணு மெசேஜ் தொடந்து வரலன்னா மெஷின் நிக்கணும்னும் விதி போட்டேன். ஷிஃப்ட் முடிஞ்சு வாசல்ல டேக்க ஒப்படைச்சாதான் அந்த ஆளோட பேர் கணக்குல இருந்து போகும்.

இப்போ நிரூபணம் உடையாம தேறிருச்சு. ஆனா இரும்புக்கு நடுவுல மெசேஜ் அடிக்கடி தொலையுது, சும்மா சும்மா ரோலர் நின்னா யாராவது கடுப்புல ஒயரக் கழட்டிருவாங்க, அவங்களக் குத்தம் சொல்ல முடியாது. ஷிஃப்டுக்கு எத்தன தடவ சும்மா நிக்கும்னு கணக்குப் பாக்க பிரிசம் எடுத்தேன், அது வாய்ப்பையும் சேத்துக் கணக்கிடுற மாடல் செக்கர். அது சொன்னபடி இன்னொரு ஆங்கர் சேத்து ரோலருக்கு எதிர் செவுத்துல மாட்டுனதுல, தொலையுற மெசேஜ் நல்லாவே கொறைஞ்சிருக்கு.

அதனால ரோலர் பக்கத்துக்கு யூடபிள்யூபியும் யூப்பாலும், மாடிக்கணக்குக்கு ப்ளூடூத், வைஃபைய பில்லு கணக்கு பாக்குற ஆபீஸுக்கே விட்டுரலாம். எனக்கு இன்னும் தூக்கம் கெடுக்குறது ஒண்ணு இருக்கு. இந்த மூணுமே டேக் எங்கன்னுதான் சொல்லும், ஆள் எங்கன்னு சொல்லாது. புழுக்கத்துல தொப்பியக் கழட்டி ஆணில மாட்டிட்டு ரோலர்கிட்ட போனா என் நிரூபணத்துக்கு அவர் அங்க இல்லவே இல்ல. தொப்பில அசைவு சென்சார் சேத்து, அசையாம தொங்குற டேக்க 'ஆள் தெரியல, மெஷின் நிக்கணும்'னு எடுத்துக்குற மாதிரி மாடல மாத்தி இந்த வாரம் ஓட விட்டிருக்கேன்.